மைமூன் மாமி எதற்குச் சிரித்தாள் என்று உனக்குத் தெரியும்

மகனே, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன். உன்மேல் கோபம் பொங்கிய நாட்களிலும் அந்த துஆவை நிறுத்தவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரப்போவதைப் படிக்கும்போது உனக்கு அதில் சந்தேகம் வரும். குரல் பதிவாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என் குரலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவன். போன தடவை வந்தபோது பார்த்தேன், பல் தேய்த்துக்கொண்டே கேட்டாய், போனுக்குள் உன் உம்மா கொதிக்கிற உலை மாதிரி படபடத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உன் வாப்பா சவூதியில், தம்மாமில் இருந்த காலம் முழுக்க நான் கடிதம் எழுதித்தான் குடும்பம் நடத்தினேன். பழகிய கை.

அடுத்த மாதம் நீ துபாய்க்குப் போகிறாய். நீ எடுத்த 'எழுந்திரு நெல்லை' விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கம்பெனிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள் என்று வாப்பாவிடம் சொன்னாயாம். சோர்ந்து கிடக்கிற ஊர்களையெல்லாம் விளம்பரத்தால் தூக்கி நிறுத்துவதுதான் அங்கே உன் வேலையாம். சந்தோஷம். ஆனால் போகுமுன் மேலப்பாளையம் வர உனக்கு நேரமில்லை, நாங்கள் சென்னைக்கு வந்து வழியனுப்ப வேண்டும், டிக்கெட்டை நீயே போடுகிறாய் என்கிறாய். நேரமில்லை என்பதை உன் வாப்பா நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. முடுக்கு முனையில் நின்று மைமூன் மாமியின் முகத்தைப் பார்க்க உனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை உன் ஆபீசில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், மறைத்து எழுத இதில் ஒன்றுமில்லை. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நம் தெரு வீடுகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் வாய்க்கால் பக்கம். பின்வாசல்களுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு ஓடுகிற சந்துதான் முடுக்கு. பெண்கள் தெருவில் இறங்காமல், கையில் மாவும் தலையில் பாதி முக்காடுமாக, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற வழி அது. வேலையாக ஆண்கள் வர வேண்டியிருந்தால் முனையில் நின்று செருமுவார்கள், உள்ளேயிருந்து 'வாங்க' என்று சத்தம் வந்த பிறகுதான் கால் வைப்பார்கள். முடுக்கில் ஓடி விளையாடி வளர்ந்த பையன்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். உனக்கு மீசை வந்த பிறகும், 'நம்ம புள்ளதானே' என்று யாரும் முக்காட்டை இழுத்து மூடவில்லை. அந்த உரிமையை உனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் இருந்தது.

அதே முடுக்குக்கு அடியில்தான் எல்லா வீட்டுக் கக்கூஸ் குழாயும் வாய்க்காலுக்குப் போகிறது. தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிற நல்ல தண்ணீர் நம் பின்வாசலைத் தாண்டும்போது என்னவாகிறது என்பதை நான் சொல்ல வேண்டாம், கதவைத் திறந்தாலே மூக்கு சொல்லிவிடும். பாதாளச் சாக்கடை போட்டார்கள், முன்பக்கத் தெருவில் போட்டார்கள். கக்கூஸ் இருப்பது பின்னால். இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் அடுப்படி, நடுவீடு, ஹால் எல்லாத் தரையையும் உடைக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டுப் போட்ட டைல்ஸை எவள் உடைப்பாள்? அப்படித்தான் பீடி சுற்றிக்கொண்டே பேசிப் பேசி, முடுக்கு நீளத்துக்கும் பொதுவாக ஒரே குழாய் போட்டு, முனையில் தெருச் சாக்கடைச் சேம்பரில் சேர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. முதலில் சொன்னது யார் என்று இப்போது கேட்டால் நாலு பேர் கை தூக்குகிறார்கள்.

யோசனை பிறந்தபின் இரண்டு நோன்பு வந்து போயிற்று. என்ன செய்தீர்கள் இவ்வளவு காலம் என்று கேட்பாய். டீ குடித்தோம். ஒவ்வொரு பின்வாசலிலும் உட்கார்ந்து டீ குடித்துப் பேசினோம். ஒருத்திக்கு, அடுத்த வீட்டு அசிங்கம் தன் வாசலுக்கு அடியில் போவதா என்ற ரோஷம். இன்னொருத்தியின் மாமியார் முடியாது என்றார், அவர் முடியும் என்றபோது மருமகள் பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போயிருந்தாள். வாடகைக்கு இருப்பவளுக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், வீட்டுக்காரர் சவூதியில். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் முடுக்கு அம்மிகள் கால் முளைத்து எதிர்ப்பக்கம் நகர்ந்தன. இதில் படம் எடுக்க ஒன்றுமே இல்லை, எனக்கும் தெரியும். கிழவிகள் டீ குடிப்பதை எவன் பார்ப்பான்?

முதன்முதலில் சரி என்றவள் மைமூன் மாமி. அவள் சரி என்றதுதான் பெரிய காரியம். முடுக்கு தெருவில் சேருகிற முனையில் இருப்பது அவள் வீடு, அவள் பக்கவாசல் படியை உடைத்து அதற்கு அடியில் கொண்டுபோனால்தான் குழாய் சேம்பருக்குப் போய்ச் சேரும். அவளுக்கோ புருஷன் இல்லை, மகன் ரியாத்தில். யாரிடமும் கேட்கவில்லை. படிதானே, திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்தக் கோடையில் தண்ணீரை நிறுத்தி வாய்க்கால் அடைப்பு விழுந்ததும், பேட்டையிலிருந்து பிளம்பர் அண்ணாச்சியைக் கூட்டிவந்து பள்ளம் தோண்ட ஆரம்பித்தோம். வாய்க்கால் வற்றிக் கிடக்கும்போதுதான் பழைய குழாய்களின் வாயை வாய்க்கால் பக்கமிருந்து பூச முடியும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் அடுத்த கோடை வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். டவுனில் பெரிய கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஊருக்கு விளம்பரம் செய்கிற பொறுப்பை உன் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஊர் வாடித்தான் போயிருக்கிறது. கடைவீதியில் பகலில் இறக்கிக் கிடக்கிற ஷட்டர்களை நானும் பார்க்கிறேன், படித்த பிள்ளை ஒன்றாவது இங்கே தங்குகிறதா என்று விரல் விட்டுப் பார்த்திருக்கிறேன். பாலத் தூண்களில் மயிலும் அல்வாவும் வரைந்தார்கள். ஆள் உயரத்துக்கு எழுத்து வைத்து அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் கூட்டமாக வந்து, வாய்க்கால் குட்டைகளில் கிடந்த அமலைச் செடியை, அதுதான் அந்த ஆகாயத்தாமரையை, பிடுங்கிக் கரையில் மலையாகக் குவித்துவிட்டு, பாட்டுப் பாடிவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளைகள், வியர்த்து விறுவிறுத்து வேலை செய்தார்கள். குவியலை அள்ளிக்கொண்டு போகத்தான் யாரும் வரவில்லை. ஒரு கோடை மழை அடித்தது, பாதி மலை திரும்ப வாய்க்காலுக்கே இறங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ காமிராவோடு முடுக்குக்குள் வந்தாய். செருமவில்லை. செரும வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, நான்தானே கூட்டிப்போனேன். நம்ம புள்ள வந்துட்டான், மெலிஞ்சுட்டான், சென்னையில சோறு போடுதாங்களா இல்லையா என்று ஆளாளுக்கு உன்னைத் தடவிக் கொடுத்தார்கள். மைமூன் மாமி உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பின்வாசல் குழாயைக் காட்டினாள். "இங்கன பாரு, இதுக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் ஆயுசு. அடைச்சிரப் போறோம்லா" என்று சொல்லி வாய் நிறையச் சிரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். நீயும் சிரித்தாய்.

படம் வெளியான அன்று நம் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தோம். மைமூன் மாமி தரையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். முதலில் மலை, அருவி, அணை, பச்சை வயல். அப்புறம் நம் வாய்க்கால். அப்புறம் மைமூனின் குழாய், அதிலிருந்து விழுகிற அழுக்கு, அதற்குமேல் அவள் முகம், சிரிக்கிற முகம். அவள் சொன்ன வார்த்தை இல்லை. அது இருந்த இடத்தில் அழுகிற மாதிரி ஓர் இசை. கீழே, 'நம் நதியை நாமே கொல்கிறோம்' என்று எழுத்து. படம் முடிந்து உன் பெயர் வந்தது. பெயரைப் பார்த்ததும் நான், 'மாஷா அல்லாஹ்' என்றேன். உன் பெயருக்காகச் சொன்னேன் மகனே, வேறு எதற்காகவும் இல்லை. மைமூன் அதை எதற்காகச் சொன்னதாக எடுத்துக்கொண்டாளோ தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். உன் வாப்பா அதற்குள் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் குழு, பள்ளிக்கூட நண்பர்கள் குழு, தம்மாம் நண்பர்கள் குழு என்று எல்லாவற்றிலும் படத்தைப் போட்டு முடித்துவிட்டார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மைமூன் மாமியின் பின்கதவு சாத்தியிருந்தது. முடுக்கில் பகலில் கதவு சாத்தினால் மவுத் விழுந்த வீடு என்று அர்த்தம், அல்லது சண்டை. மறுநாளும் சாத்தியிருந்தது. ரியாத்தில் அவள் மகன் தங்கியிருக்கிற அறையில் எல்லோரும் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவன் போன் போட்டு, இனிமேல் அந்தக் கூட்டத்தோடு சேரக்கூடாது, படியில் யார் கையும் படக்கூடாது என்று கத்தியிருக்கிறான். பெற்றவளை ஊரெல்லாம் அசிங்கம் பிடித்தவள் என்று பார்த்தால் பிள்ளைக்கு வயிறு எரியாதா? உன் உம்மாவின் முகம் அதில் வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?

உன் வாப்பாவின் போட்டோ உனக்கு நினைவிருக்கும். தம்மாமில் ஒரு வெள்ளைக் காரில் கைவைத்துக்கொண்டு நிற்பாரே, அது. அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினேன். அதைப் பார்த்துத்தான் உன் பெரிய வாப்பா தன் மகனுக்கும் அப்படி ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லி நடையாய் நடந்தார். வாப்பா அந்தக் காரைக் கழுவுகிற வேலையில் இருந்தார் என்பது அவர் திரும்பி வந்த பிறகுதான் எனக்கே தெரியும். போட்டோவில் பொய் எதுவும் இல்லை. கார் நின்றது, அவரும் நின்றார். வாளி மட்டும் போட்டோவுக்கு வெளியே இருந்தது. உன் படத்தைப் பற்றி அவரிடம் இரண்டு நாள் கழித்துப் பேசியபோது, அவரே அந்தப் போட்டோவைப் பற்றிச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் அவர் ஒன்றும் போடுவதில்லை.

நான் மைமூன் வீட்டுக்குப் போனேன். பின்கதவு சாத்தியிருந்ததால் தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போய்த் தட்டினேன். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டு முன்வாசலை நான் தட்டியது அவள் புருஷன் மவுத்தான அன்று மட்டும்தான். கதவைத் திறந்தாள், அக்கா முறை மாறாமல் 'வாங்க லாத்தா' என்றாள், ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்தாள். மின்விசிறி போட்டாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கு என்று வைத்திருக்கிற பூப்போட்ட கப்பை எடுத்து அதில் டீ கொண்டுவந்தாள். அவள் அடுப்படியில் சம்பிரதாயம் இல்லாமல் எவர்சில்வர் டம்ளரில் மொண்டு குடித்தவள் நான். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கப்பை வாயில் வைக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அழுக்குன்னு சொன்னது போவட்டும் லாத்தா, அழுக்குதான், நான் இல்லேங்கல. நான் சிரிச்சத எதுக்குப் போட்டான்? எதுக்குச் சிரிச்சேன்னு அவனுக்குத் தெரியும்லா?"

அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போதும் தொழுகைப் பாயிலும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் முட்டி வலிக்கிறது, போய்ப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். தோண்டினது தோண்டினபடி கிடக்கிறது. முனையில் மைமூன் வீட்டுப் படி உடைக்காமல் அப்படியே நிற்கிறது.

போனில் உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "உம்மா, நீங்க இத எமோஷனலா பாக்குறீங்க." ஊர்ப் பேச்சில் 'பாக்குதீங்க' என்று சொல்லக்கூட நாக்கு மறந்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். நாங்கள் வருஷக்கணக்கில் கேட்டும் எட்டிப் பார்க்காத மாநகராட்சி அதிகாரி, உன் படம் வந்தவுடன் ஓடி வந்தாரே என்றாய். வந்தார். அதை நான் மறைக்கமாட்டேன். பாலத்தின்மேல் ஜீப்பை நிறுத்தி வாய்க்காலைப் பார்த்தார், குப்பை அள்ள லாரிக்குச் சொல்லிவிட்டுப் போனார், லாரியும் வந்தது. அணைந்து கிடந்த முனை விளக்கும் இப்போது எரிகிறது. சத்தம் போடாமல் இங்கே ஒன்றும் நகராது என்பது எனக்கும் தெரியும், நான் என்ன வாயில்லாப் பூச்சியா? ஆனால் அந்த லாரி வந்து என்ன செய்ய, மைமூன் கதவு சாத்தியிருக்கிறதே. பாலத்திலிருந்து பார்த்தால் முடுக்கு தெரியாது. நீ முடுக்குக்குள் வந்து பார்த்தவன்.

படத்தை எடுத்துவிடு என்றேன். அது உன்னுடையது இல்லை, பணம் கொடுத்தவர்களுடையது, போதாக்குறைக்கு எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது என்றாய். சரி. அப்புறம் நீ சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. இன்னொரு படம் எடுக்கிறேன், மைமூன் மாமிதான் அதில் கதாநாயகி, முடுக்குப் பெண்களின் வெற்றிக் கதை, ஆட்களோடு வருகிறேன், மாமியை ரெடியாக இருக்கச் சொல் என்றாய். அடுப்பில் சுட்ட கையை மறுபடி அடுப்பில் வைத்து ஆற்றுவாயா? வெற்றி எங்கே இருக்கிறது, பள்ளம்தானே இருக்கிறது? அவள் உன்னிடம் நல்ல பெயர் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு இருந்தாள், தன் படியை உடைக்கக் கொடுத்தாள், அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நீ வேறொன்றுக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டாய்.

'எழுந்திரு நெல்லை' என்று பெயர் வைத்தீர்களே, அதைக் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது. எழுந்திரு என்று சொல்ல வருகிறவன் முதலில் யார் தூங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? நாங்கள் தூங்கவில்லை. மெதுவாக நடந்துகொண்டிருந்தோம், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் சுத்தம் பற்றி அட்டையில் படம் வரைந்து நீ பரிசு வாங்கினாய். வெட்டிப்போட்ட அட்டைத் துண்டுகளைச் சுருட்டி வாய்க்காலில் எறிந்ததை நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பரிசு வாங்கிய பிள்ளையை ஏன் திட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு உன் காதைத் திருகியிருக்க வேண்டும்.

பிளம்பர் அண்ணாச்சி இன்று காலை வந்து, கால்வாயில் இந்த வாரமே தண்ணீர் விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, பத்தமடைப் பக்கம் வேறு வேலை காத்துக் கிடக்கிறது என்றார். "தண்ணி வந்துட்டா என்னக் குத்தம் சொல்லக் கூடாது, கேட்டியளா" என்றார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்கிற கதைதான். சம்மதம் இருந்தபோது ஆள் கிடைக்கவில்லை, ஆள் இருக்கும்போது

இந்த இடத்தில் முடுக்கில் சத்தம் கேட்டு, எழுதுவதைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். இப்போது மறுநாள், லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாம் வீட்டு மருமகளுக்கு இது நிறைமாதம். பள்ளத்தின்மேல் பலகை போட்டு அதில்தான் எல்லோரும் நடந்துகொண்டிருக்கிறோம். அந்தப் பெண் ஒரு கையில் குழம்புச் சட்டியோடு பலகையில் வந்திருக்கிறாள், பலகை ஆடியிருக்கிறது. விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள், சட்டிதான் பள்ளத்துக்குள் போயிற்று. நான் போய்ச் சேருவதற்குள் மைமூனின் பின்கதவு திறந்து, அவள் வெளியே வந்து, அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்து அவளைத் தன் வாசலில் உட்கார வைத்திருந்தாள். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினாள். இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் திட்டினாள்.

"பள்ளத்தத் தோண்டிப் போட்டுட்டு எல்லாரும் வேடிக்கை பாக்குதிய. இந்தப் புள்ள விழுந்திருந்தா அதையும் படம் எடுத்துப் போடுவியளா?"

முனையில் நின்று செருமிய பிளம்பர் அண்ணாச்சியை அவளே உள்ளே கூப்பிட்டு, படியை உடைக்கச் சொன்னாள். மகன் என்ன சொல்வானோ என்று யாரோ மெல்ல இழுத்தார்கள். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், படி அவன் வீட்டுப் படி இல்லை, என் படி என்றாள். அண்ணாச்சி சாயங்காலம் இருட்டும்வரை இருந்தார், காலையிலும் வந்தார். குழாய் சேம்பரில் சேர்ந்துவிட்டது. வாய்க்கால் பக்கம் இறங்கிப் பழைய குழாய்களின் வாயை ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டிருக்கிறார்கள், நான் எழுதுகிற இந்த நேரத்திலும் சிமெண்டுக் கரண்டிச் சத்தம் கேட்கிறது. மைமூனின் குழாயை முதலில் பூசினார்கள். அவள் பார்க்க வரவில்லை. எல்லோரும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம், அவள் உள்ளே பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அவள் சந்தோஷப்பட வேண்டிய நாள் இது. அந்த நாளை அவளிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம், நீயும் நானும்.

நேற்றுவரை எழுதியிருந்ததை இன்று காலை அவளிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன், அனுப்பலாமா என்று கேட்டேன். இலை வெட்டுவதை நிறுத்தாமல் முழுக்கக் கேட்டாள். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டு வேறு தாளில் திருப்பி எழுதியிருக்கிறேன். என்ன வரி என்று கேட்காதே. அதை எடுத்த பிறகும் கடிதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. நீ துபாயில் எத்தனையோ ஊர்களைப் படம் எடுக்கப்போகிறாய், அங்கேயும் பின்வாசல்கள் இருக்கும், உன்னை நம்பித் திறப்பார்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை கேள். வெட்டி ஒட்டியதை உலகத்துக்குக் காட்டுமுன் அவர்களுக்குக் காட்டு, வேண்டாம் என்றால் எடுத்துவிடு. இதற்குமேல் எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது.

கடைசியாக, உன்னை வரச் சொல்லியிருக்கிறேன், காமிரா இல்லாமல் தனியாக வருவான் என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் வெட்டிய இலையைத் தட்டில் அடுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வரட்டும் லாத்தா. என் வீட்டுக்கு வந்தவன வராதேன்னு சொல்லமாட்டேன். ஆனா தெரு வழியா வரச் சொல்லுங்க. முடுக்கு வேண்டாம்."

அவளிடம் கெஞ்ச வாய் வரைக்கும் வந்தது, நம்ம புள்ளதானே மைமூன் என்று. கெஞ்சவில்லை. அவள் சொன்னது நியாயம். நீ இனி இந்த முடுக்குக்கு வெளி ஆள், மற்ற ஆண்களைப் போல. டிக்கெட்டை எங்களுக்குப் போடாதே, உனக்குப் போட்டுக்கொள். வந்து முதலில் அவள் வீட்டு முன்வாசலைத் தட்டு, அவள் கேட்டதற்குப் பதில் சொல். உன்னைத் தனியாக அனுப்பமாட்டேன். பின்கதவு எனக்கு இப்போது திறந்துதான் இருக்கிறது, இருந்தாலும் அன்றைக்கு நான் அதன் வழியே போகப்போவதில்லை. முட்டி வலித்தாலும் பரவாயில்லை, உன்னோடு தெருவைச் சுற்றியே வருகிறேன்.

உன் உம்மா